சாலைக்கு அந்தப் பக்கம்

மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விட்டவரை எல்லோரும் ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. பெட்டி மேல் ஏறி நின்று விலை சொன்னால் லாரிக்குள் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். வீட்டிலும் அதே தொண்டைதான். அவர் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி டம்ளரைத் தேடுவாள். "இந்த வீட்ல ரகசியம்னு ஒண்ணு இருக்க முடியுமா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்ட மனுஷர் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எது கேட்டாலும் முணுமுணுப்பு. முகமோ உம்மென்று. "என்ன சொன்னீங்க?" என்று அவள் மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவார். என்ன தப்பு செய்தோம் என்று அவள் மண்டையைக் குடைந்துகொண்டாள். ஒன்றும் அகப்படவில்லை. சரி, இந்த வயதில் என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு கட்டினாள். வெளியில் சொல்லவும் வெட்கம்.

அவர் கட்டிய முடிவு வேறு. "ஆயுசு பூரா டைப்ரைட்டர் சத்தத்துல உக்காந்தவ. காது போச்சு" என்று அவளைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனார். அவள் காதில் ஒரு பழுதும் இல்லை. டாக்டர் இவரைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். நடக்கும்போது வீசாமல் தொங்கும் ஒரு கையைப் பார்த்தார். நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்.

பார்க்கின்சன் என்றார்கள். கை நடுங்கும், குரல் தேயும், முகத் தசை இறுகும் என்று விளக்கினார்கள். அவளும் தலையாட்டினாள். ஆனால் மனசு ஆறவில்லை. முகம் வியாதி, சரி. எழுந்து எழுந்து போவதுமா வியாதி?

மாத்திரைக்குக் கை நடுக்கம் அடங்கியது, குரல் எழும்பவில்லை. அதற்குத்தான் ஆஸ்பத்திரியில் வி.ஆர். பயிற்சி. கண்ணை மூடும் பெரிய கண்ணாடி, காதில் ஹெட்போன். உள்ளே ஒரு கடைத்தெரு. பயிற்சி கொடுக்கும் பெண் மைக்கில் கேள்வி கேட்டுப் பேச்சை நடத்திக்கொண்டு போவாள். சத்தமாகப் பேசினால்தான் கடைக்காரர் திரும்புவார். முதல் நாள் கடைக்காரர் திரும்பவே இல்லை. "இந்த ஆளுக்கும் காது கேக்கல" என்று இவர் சலித்துக்கொண்டார். எப்படி இருக்கிறது!

மனைவி எப்போதும் வெளியில்தான் காத்திருப்பாள். அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க உள்ளே வந்தாள். அவர் கண்ணாடிக்குள் இருந்தார். அவர் பார்ப்பதைக் காட்டும் சுவர்த் திரையில் இன்று ஒரு சாலை, வண்டிகள் பறந்துகொண்டிருந்தன.

"சாலைக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கறதா வச்சுக்கலாம், ஐயா?"

"என் வீட்டுக்காரி."

"அவங்களுக்கு என்ன சொல்லணுமோ கூப்பிட்டுச் சொல்லுங்க. வண்டிச் சத்தத்தைத் தாண்டிக் கேக்கணும்."

அவர் முதுகை நிமிர்த்தினார். பெட்டி மேல் ஏறுகிறவரைப்போல நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

"ஏய், இங்க பாரு! நான் கோவமா இல்லடி! மூஞ்சிதான் இப்படி ஆயிடுச்சு! பேச்சு எழும்பலன்னு வெக்கமா இருக்கு, அதான் எந்திரிச்சுப் போயிடறேன்! கேக்குதா?"

வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பாட்டிலோடு அப்படியே நின்றாள். எத்தனை நாள் வீணாக வெந்தோம் என்று அழுகை முட்டியது. கிட்டே போய் அவர் தோளைத் தொட்டாள்.

"கேக்குதுங்க" என்றாள். குரல் பாதிதான் வெளியே வந்தது.

கண்ணாடிக்குள் மட்டும் இருக்கும் சாலையின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு அவர் கத்தினார். "கேக்கல! சத்தமாச் சொல்லு!"