கண்ணைச் சிமிட்டச் சொன்ன கேமரா

சைபர் சென்டர் என்பது, சர்க்கார் செய்யும் தப்புக்கெல்லாம் நாம் திட்டு வாங்கும் தொழில். சர்வர் படுத்துக்கொண்டால் நாம் குற்றவாளி. ஓடிபி வராவிட்டால் நாம் குற்றவாளி. ஆதார் போட்டோவில் மூஞ்சி நன்றாக இல்லை என்றால் அதற்கும் நாம்தான். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் கடை பெங்களூரு நீலசந்திராவில், மீன் கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் இளவட்டங்கள். படித்துவிட்டு வேலை கிடைக்காதவர்களுக்கான உதவித்தொகை, மாற்றுத்திறனாளிகளுக்கான பென்ஷன் என்று ஏதாவது ஒன்றுக்காக வந்து உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கடை அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவுக்கே தெரியும். இந்தப் பிள்ளைகளிடம் மட்டும் அது செல்லுபடியாவதில்லை. அவர்களை ஆட்டி வைக்கிறவர்கள் மேல்தான் போய் விழும்.

சதீஷ் அமுக்கிய பட்டன்

வேலையில்லாதவர்களுக்கான பணத்தில் ஒரு நிபந்தனை உண்டு. "எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை" என்று அவ்வப்போது கம்ப்யூட்டரில் உறுதிமொழி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டிப்ளமா முடித்த சதீஷ் அந்த பட்டனை என்னைத் தொடவே விடமாட்டான். தானே அமுக்குவான். அமுக்கிவிட்டு எழுந்து போய்விடுவான். அன்றைக்கு எனக்கும் சோறு இறங்காது.

ஒரு சாயங்காலம் பேக்கரி பெட்டியோடு வந்தான். வேலை கிடைத்தவர்கள், வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, ஆனால் ஒருவரும் தவறியதில்லை. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலையாம். உதவித்தொகையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்க வந்திருந்தான். வாயில் தில்பசந்தை வைத்துக்கொண்டே ஒருவர், "இப்ப என்னாப்பா அவசரம்? எவன் வந்து கேக்கப் போறான்? ரெண்டு மாசம் வாங்கிட்டு மெதுவா சொல்லு" என்றார். சதீஷ் என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டு அவரிடம் சொன்னான்:

"இத்தினி நாளா இல்ல, இல்லன்னு நானே என் கையால அமுக்கினேன்ணா. இந்த ஒரு தடவை இருக்குதுன்னு அமுக்கிக்கிறேன், விடுங்க."

விரல், கண், முகம்

தன் பக்கத்து வீட்டு அருளைக் கையைப் பிடித்து என் கடைக்குக் கூட்டி வந்ததும் சதீஷ்தான். அருளுக்குப் பிறவியிலேயே கண்கள் இல்லை. பார்வை இல்லை என்று சொல்லவில்லை, கண்களே கிடையாது. இமைகள் மூடியபடியே உள்வாங்கியிருக்கும். பி.ஏ. முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்கு ஒரு கோச்சிங் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். வகுப்புக்கு ஃபீஸ் கட்டுவது அவனுடைய பென்ஷனிலிருந்து. அந்தப் பென்ஷன் திடீரென்று நின்றுவிட்டது. ஆள் இவர்தான், உயிரோடு இருக்கிறார் என்று மறுபடி நிரூபித்தால்தான் வருமாம். மாசக் கடைசி வரைக்கும் இடத்தை வைத்திருப்போம், அதற்கப்புறம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். இடம் போனால் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பேனா விற்கப் போக வேண்டியதுதான் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

முதலில் கைரேகை. பார்வையற்றோர் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னிப் பின்னி ரேகை தேய்ந்து போயிருந்தது. மெஷின் எடுக்கவில்லை. கைரேகை இல்லாவிட்டால் கருவிழியைக் காட்டலாம் என்கிறது விதி. அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. கடைசியாக மிச்சமிருந்தது முகம். அவனுடைய போனையே எதிரில் பிடித்தேன். திரையில் வருவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் போன் அது. வட்டத்துக்குள் முகம் வந்ததும், காட்டுவது போட்டோ இல்லை, உயிருள்ள ஆள்தான் என்று பார்ப்பதற்காக, "கண்ணைச் சிமிட்டவும்" என்றது. "கண்ணைச் சிமிட்டவும்" என்று மறுபடி சொன்னது. கடை முழுக்கக் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன், அவன் போன் என்பதால் தப்பித்தது. அருள் கையை நீட்டி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"விடுங்கக்கா. பொறந்ததிலேர்ந்து என்னை யாருமே இவ்ளோ நம்பிக்கையா சிமிட்டச் சொன்னதில்ல."

புரோக்கர் சொன்ன வழி

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவனோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். உள்ளே போவதற்குள் வாசலில் ஒரு புரோக்கர் பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உனக்குத் தம்பி இருக்கானா? அவன் போட்டோவை உன் ஆதார் கார்டுல ஏத்திடலாம். அவன் வந்து ஜம்முனு சிமிட்டுவான். வேலை ஆச்சு" என்றார். அவசரத்தில் எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அருள் கொஞ்ச நேரம் நின்று யோசிப்பது போலப் பாவனை செய்தான்.

"அப்ப பேங்க் பரீட்சைக்கும் அவனைத்தாங்ணா அனுப்பணும். அவனுக்குக் கணக்கு சுத்தமா வராது."

மேடத்தின் மேஜைக்கு முன்னால்

பென்ஷன் பார்க்கும் அதிகாரி மேடம் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சிஸ்டம் தகொள்ளல்லப்பா, நான் என்ன செய்யட்டும்?" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். சிஸ்டம் ஏற்றுக்கொள்ளாது என்பதை இந்த வாழ்க்கையில் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்! சண்டை பிடிக்க வாயைத் திறந்தேன். அருள் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினான்.

"மேடம், எனக்குக் கண்ணு இல்லன்னு சர்டிபிகேட் குடுத்தது சர்க்கார். நான் சிமிட்டினா சர்டிபிகேட் பொய். சிமிட்டலைன்னா நான் பொய். ரெண்டுல எதை உண்மையாக்கணும்னு நீங்களே சொல்லுங்க, அப்படியே செய்றேன்" என்றான். குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே வழி கேட்பது போல இருந்தது.

மேடம் பேனாவை மூடினார், திறந்தார். யாருக்கோ போன் போட்டார். அவர் இன்னொருவருக்குப் போடச் சொன்னார். மூன்றாவது ஆள்தான் விஷயத்துக்கு வந்தார். அதிகாரி நேரில் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், சிமிட்டாமலே மேலிடத்தில் பென்ஷனைத் திறந்துவிடுவார்களாம். இத்தனை நாளும் இந்த வழி இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை. மேடம் அருளை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளம்பலாம் என்று எழுந்தேன். அருள் எழுந்திருக்கவில்லை. வரும் வழியெல்லாம் அவன் ஓயாமல் போனில் பேசிக்கொண்டு வந்தது யாரோடு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"மேடம், ஸ்வல்ப இருங்க, ஒரே நிமிஷம். எங்க ஹாஸ்டல் பசங்க வெளிய மரத்தடியில நிக்கிறாங்க. அவங்களும் சிமிட்ட மாட்டாங்க."

மேடம் அன்று சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. மரத்தடியில் நின்ற அத்தனை பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மாசம் முடிவதற்குள் அருளுக்குப் பணம் வந்தது, வகுப்பில் இடமும் போகவில்லை.

சும்மா உட்கார்ந்து வாங்குகிற பணம் என்று ஊரெல்லாம் சொல்லும் இதை வாங்குவதற்கு, ஒரு நல்ல உத்தியோகத்துக்கு வேண்டிய பொறுமை, சாமர்த்தியம், நேர்மை அத்தனையும் வேண்டும் என்பதுதான் இந்தக் கடையில் உட்கார்ந்து நான் கண்டது.