கறுப்பு முத்துக்குச் சாட்சி

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்டில் வேரோனிக்காவைப் போல வாய் திறக்காத மனுஷி வேறில்லை. லிஃப்டில் எத்தனை தரம் கண்டாலும் ஒரு சிரிப்போடு சரி. ஆனால் முத்தைப் பற்றிக் கேட்டால் போதும், அடுப்பில் கறி கருகினாலும் நிறுத்தமாட்டாள். டவுன்டவுனில் ஒரு நகைப் பட்டறையில் முத்துக் கோர்ப்பதுதான் அவளுக்கு வேலை.

அவளுடைய சிநேகிதி அன்ரனெற் வேறு ரகம், கல்லையும் விற்றுவிடுவாள். போன வருடம் வீட்டிலிருந்தே போனில் லைவ் போட்டு நகை விற்கத் தொடங்கினாள். கறுப்பு முத்து மாலை வந்தபோது எங்கள் சனம் முகம் சுளித்தது. நல்ல காரியத்துக்குக் கறுப்பா? உடனே வேரோனிக்காவைக் கூட்டிவந்து கமராவுக்கு முன்னால் இருத்தினாள்.

வேரோனிக்கா ஒரு மாலையைக் கையில் பிடித்தபடி சொன்னாள்: "உது சாயமில்லை, ஒரிஜினல். பசிபிக் கடலில ஓரம் கறுத்த சிப்பி ஒண்டு இருக்கு. அதைக் கொஞ்சமாத் திறந்து, சின்ன வெட்டுப் போட்டு, வேற சிப்பி ஓட்டில கடைஞ்ச உருண்டையை உள்ளுக்கு வைப்பினம். கூடவே இன்னொரு கறுப்புச் சிப்பியின்ர சதையில ஒரு துண்டு. அந்தச் சதைதான் வளந்து உருண்டையைப் பை மாதிரி மூடி, படை படையாப் பூசும். நிறமும் அதாலதான் வாறது. சதை குடுத்த சிப்பி அப்பவே செத்துப்போம். மற்றது ரெண்டு வருசமளவில கடலுக்க கயித்தில தொங்கும்."

செத்த சிப்பியை நினைக்க எனக்கே பாவமாக இருந்தது. ஞாயிறு பூசைக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் வாங்கினார்கள். கோர்த்தே வந்த மாலைகளைப் பார்சல் கட்டி அனுப்பியது அன்ரனெற். வேரோனிக்கா தொட்டது கமராவுக்குக் காட்டிய அந்த ஒன்றை மட்டும்தான்.

ஒருநாள் நான் அவள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, பூசைக்கு வரும் மயூரி அறுந்த மாலையோடு வந்தாள். வேரோனிக்கா நூலை உருவினாள். வெள்ளைப் பட்டு நூல் கறுத்துப்போயிருந்தது. ஒரு முத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துளையின் வாயில் மை ஊறித் தேங்கியிருந்தது. மலிவான நன்னீர் முத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். "வைச்சிட்டுப் போம் பிள்ளை" என்றாள்.

என்னையும் இழுத்துக்கொண்டு அன்ரனெற் வீட்டுக்குப் போனாள். அன்ரனெற் சோபாவை விட்டு எழும்பவே இல்லை.

"ஒரிஜினல் எண்டு என்ர வாயால ஒருக்காலும் சொல்லேல்லை. வீடியோவைப் போட்டுப் பார். சொன்னது நீ."

பார்த்தோம். உண்மைதான். அன்ரனெற் விலை சொன்னாள், சிரித்தாள். முத்தின் தரம் பற்றிப் பேச்சு வந்த இடமெல்லாம் வேரோனிக்கா பக்கம் திரும்பினாள். அதை மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போய் இருந்திருக்கிறாள் இந்தப் பைத்தியக்காரி.

"நானே சொல்லிப்போடுறன் அக்கா. என்னை நம்பித்தானே வாங்கினவை" என்று வேரோனிக்கா அங்கேயே என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்கள் கோப்பியோடு நின்றார்கள். லிஃப்டில்கூடப் பேசாதவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "உங்கட மாலையள் சாயம் போட்டது. எனக்குக் காட்டினது வேற, உங்களுக்கு அனுப்பினது வேற. பிழையாச் சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஒருவரும் திடுக்கிடவில்லை. மயூரியின் தாய்தான் கிட்ட வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எங்களுக்குத் தெரியும் வேரோனிக்கா. அன்ரனெற் நேற்றே எல்லாருக்கும் போன் எடுத்தவ. கோர்க்கத் தந்த நல்ல முத்தை நீர் மாத்திப்போட்டீராம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கஷ்டத்தில செய்திட்டாள், அவளை ஒண்டும் கேக்காதேங்கோ எண்டு அழுதவ" என்றாள்.