ஜெபக்குறிப்பாகச் சொன்னது

எங்கள் சபையில் அவரை எல்லோரும் மருந்துக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் பதினாறு வருடமாக வேலை. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை ஒரே பார்வையில் படித்துவிடுவார். கண் சரியாகத் தெரியாத வயசாளிகளுக்கு, மாத்திரை அட்டையின் பின்புறம் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு இரண்டு கோடு என்று தடிமனாகப் போட்டுக் கொடுப்பார். யாராவது தனியாகக் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், வேலை முடிந்து போகிற வழியில் மருந்தோடு அவர் சமைத்த சாப்பாடும் அந்த வீட்டுக்குப் போய்விடும். கடவுள்மேல் அவருக்கு இருந்த அன்பு நடிப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்பவர்கள் "ஓ, அப்படிப்பட்டவளா!" என்று சுலபமாக முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் இல்லை இது.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக், வாய் நிறையச் சிரிப்பு. "நான் ஆளுங்களை மேல ஏத்துறேன், இவ ஜெபத்தை மேல ஏத்துறா. ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்பார்.

சபைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவரைப் பிள்ளைகள் பூனை டீச்சர் என்பார்கள். சாப்பிட அடம்பிடிக்கிற குழந்தையின் முன்னால் நாலு காலில் உட்கார்ந்து, "நீ சாப்பிடலைன்னா நான் சாப்பிட்டுடுவேன், மியாவ்" என்று தட்டை முகர்ந்து பார்ப்பாராம். குழந்தை சிரிக்க வாயைத் திறக்கிற நேரத்தில் ஒரு வாய் உள்ளே போய்விடும். வேலைக்குப் போகிற அம்மாக்கள் பதினோரு பேர் அவரை நம்பிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள். கல்யாணம் ஆகாதவர். தம்பியோடு அதே வீட்டின் பின்னறைகளில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்கு வருவார்.

மாதம் ஒருமுறை, மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து டீச்சர் மருந்துக்கடைக்குப் போவார். நாலாக மடித்த சீட்டை நீட்டுவார். மனநோய்க்கான மாத்திரை அது. சின்ன வயதில் அவருக்கு அந்த வியாதி வந்து ரொம்பப் பாடுபடுத்தியிருக்கிறது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு ஒன்பது வருடமாக நன்றாக இருந்தார். அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். ஒன்பது வருடமும் அந்த விஷயம் அந்தக் கவுண்டரைத் தாண்டவில்லை.

ஒரு புதன்கிழமை அது தாண்டியது.

புதன்கிழமைகளில் எங்கள் பெண்கள் ஐக்கியம் செயலாளர் அம்மா வீட்டு ஹாலில் கூடும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒவ்வொருவரும் கனமான சங்கதியாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்திக்கு மருமகனோடு தகராறு, ஒருத்திக்கு அறுவை சிகிச்சை. அக்காவின் முறை வந்தது.

"என்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்று ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார். "எல்லாரும் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. வாயில வந்துடுச்சு."

வாயில் வந்தது இதுதான்: "பேர் சொல்ல மாட்டேன். நம்ம சபையில ஒரு சகோதரி, சின்னப் பிள்ளைங்களோட வேலை செய்றவங்க. ரொம்ப வருஷமா மனசு சம்பந்தமான மாத்திரை சாப்பிடுறாங்க. பாரத்தோட பகிர்ந்துக்கிறேன், ஜெபிச்சுக்குங்க."

பேரைச் சொல்லவில்லைதான். சபையில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்தவர் ஒரே ஒருவர்.

செயலாளர் அம்மா "ஐயோ, கர்த்தாவே" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதன் பிறகு நடந்த பேச்சு ஒரு மணி நேரம். நானும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் தங்கைக்குப் போன் போட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதடி" என்று சேர்த்துத்தான் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் ஊர் வாயில் மாத்திரை பைத்தியமாகிவிட்டது. அதற்கடுத்த வாரம் சமையலறைக் கத்தியைக் கையில் எடுத்தாளாம் என்று ஆனது. அதற்கும் அடுத்து, பிள்ளைகளுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துத்தான் சத்தமில்லாமல் வைத்திருக்கிறாளாம். காப்பகத்திலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒரு அம்மாகூட உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. "மாமியார் வந்துட்டாங்க, அவங்களே பாத்துக்குவாங்க டீச்சர்." "வீடு மாத்துறோம் டீச்சர்." வீடு மாற்றியவர்கள் மறுநாளும் அதே பால்கனியில் துணி காயப்போட்டார்கள்.

அக்காவின் காதுக்கு இது கடையிலேயே வந்தது. இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெண், "அந்தப் பூனை டீச்சர் குழந்தைங்களுக்குக் குடுக்குற தூக்க மாத்திரையை உங்க கடையிலதான் வாங்குறாளாமே?" என்று கேட்டாள்.

"யார் சொன்னா? அதெல்லாம் பொய்" என்றார் அக்கா.

"உங்க சபையில எல்லாரும் சொல்றாங்களே!"

பொய் என்று சொன்ன அக்காவுக்கு, அதன் வேர் நான்தான் என்று சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் இடம் காலியாக இருந்தது. அடுத்தடுத்த ஞாயிறும் காலி. புதன்கிழமை செயலாளர் அம்மா, "விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப்போன நம்ம சகோதரிக்காக" என்று உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அக்காவும் சொன்னார்.

இதற்கிடையில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. டீச்சர் கடைக்கு வரவேயில்லை. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அக்காவுக்குத் தெரியும். "வேற கடையில வாங்கியிருப்பாங்கன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்" என்றார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த ஏமாற்று பலிக்கவில்லை. மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு காப்பகத்துக்கு நடந்தார்.

கதவைத் திறந்தது தம்பி. சவரம் செய்யாத முகம். உள்ளே பாய்களைச் சுருட்டி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். டீச்சர் முட்டி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் சுவரில் கிறுக்கிய கோடுகளைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை வாரவில்லை. விரல் நுனிகள் தோல் உரிந்து சிவந்திருந்தன. யார் வந்தது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் படபடவென்று பேசினார்.

"இதைச் சுத்தமா அழிச்சுட்டா பிள்ளைங்க வந்துடுவாங்க. அழுக்கா இருக்குன்னுதான் வரல. இந்தப் பச்சைதான் போகவே மாட்டேங்குது."

தம்பி தாழ்ந்த குரலில், "தூங்கி நாலு நாளாச்சு" என்றார். "கடைக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும்னு மாத்திரையை நிறுத்திட்டாங்க. நான் வாங்கிட்டு வந்ததையும் கொட்டிட்டாங்க."

"தம்பி, வெளிய சொன்னது நான்தான்."

"தெரியும்க்கா. உங்க கடைய விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சுமா கதவைத் திறந்தே?"

"எனக்கு இப்போ துணைக்கு ஒரு ஆள் வேணும். கோவப்பட அப்புறம் நேரம் இருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து டீச்சரைக் கெஞ்சிக் கொஞ்சி வாடகைக் காரில் ஏற்றினார்கள். வழியெல்லாம் டீச்சர் அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன பிடிக்கும் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள்.

அடுத்த புதன்கிழமை அக்கா வட்டத்தின் நடுவே எழுந்து நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். செயலாளர் அம்மா எட்டி அவர் கையைத் தொட்டு, "சிஸ்டர், நீங்க ஜெபத்துக்காகத்தானே சொன்னீங்க? மனசுல கபடம் இல்லையே" என்றார்.

"இருந்துச்சும்மா. எல்லாரும் என்னையே பாத்தது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

பிறகு வட்டத்தில் இருந்த எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"நீங்க யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்டப் போய் அது பொய்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணு ஒரு குழந்தைக்கும் ஒரு கெடுதலும் பண்ணல. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

நான் என் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். செயலாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "சரி, ஜெபத்தோட முடிச்சுக்குவோம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பேச்சு அக்காவின் பக்கம் திரும்பியது. கடைக்கு வருகிறவர்களின் வியாதியையெல்லாம் தெருவில் கொட்டுகிறவளாம். அதில் பாதி உண்மை என்பதால் அக்காவால் மறுக்கவும் முடியவில்லை. முதலாளியிடம் அவரே போய் ஒப்புக்கொண்டார். முதலாளி கத்தவில்லை. "உன்னை நம்பித்தானேம்மா ஜனங்க சீட்டைக் குடுக்குறாங்க" என்று மட்டும் சொல்லி, கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்னால் கிடங்கில் பெட்டி பிரிக்கிற வேலைக்கு மாற்றினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

அந்தப் பதினோரு வீட்டுக்கும் அக்கா தானே போனார். கணவர் வண்டியில் தெருமுனையில் காத்திருப்பார். அந்த நாட்களில் அவரும் ஜோக் அடிப்பதை விட்டிருந்தார். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில், தெருவே கேட்கும்படி திட்டினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதை நம்புறேன்க்கா. ஆனா ஒருதடவை உள்ள புகுந்த பயம் போக மாட்டேங்குதே. என் பிள்ளையாச்சே" என்றாள்.

டீச்சர் குணமாகி வீட்டுக்கு வந்ததும், தம்பி கேட்டுக்கொண்டபடி மாதாமாதம் மாத்திரையை அக்காவே கொண்டுபோகிறார். முதல் தடவை வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். டீச்சர் இப்போது தெளிவாக இருந்தார். பேச்சில் பழைய நிதானம்.

"கர்த்தர் உங்களை மன்னிச்சிருப்பாரு. அவருக்கு என்ன, அவர் வீட்டுல இருந்து யாரும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலையே. மாத்திரையை வச்சுட்டுப் போங்க."

பிறகு அக்கா மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "திரும்பத் திரும்பக் கேட்டா, அவங்கதான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கு. அது நியாயமா?" என்றார்.

காப்பகத்துக்கு இப்போது இரண்டு குழந்தைகள் வருகின்றன. இரண்டும் இந்தக் கதை எதுவும் காதில் விழாத புதுக் குடும்பத்துப் பிள்ளைகள். டீச்சர் எங்கள் சபைக்கு வருவதில்லை. பாஸ்டர் இரண்டு முறை போய்ப் பார்த்தார், தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

நான் தங்கைக்கு மறுபடி போன் செய்து, நாம் பேசியது பொய் என்று சொன்னேன். "அடடா, நான் அப்பவே நாலு பேர்கிட்ட சொல்லிட்டேனே" என்றாள். அந்த நாலு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. டீச்சர் வீட்டுக்கும் இன்னும் போகவில்லை.