பிரார்த்தனை முடியும்வரை கதவு திறக்காது

‘கறுப்பினப் பெண், வயது அறுபத்தொன்று. நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார். வலியில் இருப்பதாகத் தெரியவில்லை. நெஞ்செரிச்சல்.’

மெம்பிஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வெர்லீன் டப்ஸைப் பற்றி இப்படி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், தேவாலய வேனை யாரோ தம் நெஞ்சின்மேல் நிறுத்திவிட்டுப் போனதுபோல் அவருக்கு இருந்தது.

முகத்தில் அது தெரியாததற்குக் காரணம் உண்டு. நியூ கானான் பாப்டிஸ்ட் சபையில் வெகுகாலமாக அவர்தான் வாசல் காப்பவர். வெள்ளைக் கையுறை, முதுகுக்குப் பின்னால் மடித்த இடக்கை, கல்போன்ற முகம். பிரார்த்தனை நடக்கும்போது யாரும் உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போக முடியாது. போதகரின் மனைவியே ஒருமுறை மழையில் நின்றிருக்கிறார்.

போன வாரம் இதே வலியோடு, துணி துவைத்த கோலத்திலேயே இங்கு ஓடிவந்தபோது, போதை மாத்திரைக்கு வந்தவராக நினைத்து அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் தோழி எர்னஸ்டீன் இம்முறை ஈஸ்டருக்குப் போடும் ஆடம்பரத் தொப்பியை மாட்டி அழைத்து வந்திருந்தாள். தொப்பியைப் பார்த்ததும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். மாரடைப்புக்கு ஏற்ற உடை மெம்பிஸ் கடைகளில் கிடைப்பதில்லை.

“ஈசிஜி, ரத்தப் பரிசோதனை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, வெர்லீன்,” என்றார் இளம் டாக்டர் ஹான்லி.

“மிஸஸ் டப்ஸ்னு சொல்லுங்க, தம்பி.”

“சரிங்க, மிஸஸ் டப்ஸ். வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்?”

“ஒரு ஆறு.”

“ஆறா?” எர்னஸ்டீன் துள்ளி எழுந்தாள். “கார்ல பத்துன்னு கத்துனியேடி!”

“கார்ல நீ மட்டும்தானே இருந்தே. இங்க நாலு பேர் இருக்காங்க. அதோட, பத்துங்கிறது கர்த்தருக்கு ஆணி அடிச்சப்ப இருந்த வலி. நாம அதுக்குக் கீழதான் சொல்லணும்.”

டாக்டர் சிரித்தார். ஒரு நெஞ்செரிச்சல் மருந்தை எழுதி நீட்டினார். வெர்லீன் அந்தப் பெயரைப் படித்தார். அண்ணன் ராஸ்கோவை இதே மருந்தோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவர் சாய்வு நாற்காலியிலேயே இறந்து கிடந்தபோது புட்டியின் மூடிகூடத் திறந்திருக்கவில்லை.

டாக்டர் கிளம்பினார். வெர்லீன் எழுந்து, கைப்பையிலிருந்த வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, கதவை அடைத்தபடி நின்றார்.

“கொஞ்சம் வழி விடுங்க.”

“பிரார்த்தனை நடக்குது, டாக்டர்.”

“இங்க யாரு பிரார்த்தனை பண்றா?”

எர்னஸ்டீனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “பரலோகத்திலிருக்கிற பிதாவே...” என்று தொடங்கிவிட்டாள். ஹான்லியும் மெம்பிஸில் பிறந்தவர்தான். தலை தானாகக் கவிழ்ந்தது. எர்னஸ்டீன் தன் தாத்தாக்களுக்காக வேண்டினாள், சபையின் ஒழுகும் கூரைக்காக வேண்டினாள், ராஸ்கோவுக்காக வேண்டினாள்.

“இந்தத் தம்பி போனை எடுத்து, மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்ற வரைக்கும் என் வாயில ஆமென் வரவிடாதேயும், ஆண்டவரே!”

நெடுநேரம் பொறுத்துப் பார்த்த ஹான்லி, குனிந்த தலையோடே போனை எடுத்தார்.

மறுபடி பார்த்த ரத்தத்தில் மாரடைப்பு தெரிந்தது; அன்று மாலையே ஆஞ்சியோ செய்தார்கள். இதயத்தின் இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் ஏறக்குறைய மூடிக்கிடந்தன. பழைய குறிப்பை யாரும் அழிக்கவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தார்கள்: ‘நோயாளி ஒத்துழைக்க மறுத்தார்.’

ஹான்லி போனை வைத்த பிறகும் வெர்லீன் நெஞ்சுவலியோடு கதவருகே நின்றிருந்தார். ரத்தம் எடுக்க ஆள் வந்ததும்தான் ஒதுங்கி வழிவிட்டிருந்தார்.