அக்காவைப் பார்த்துச் சீறிய பூனை

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். படித்தது ஐந்தாவது வரைதான். எழுத்துப் பிழை இருக்கும், மறதியும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஓரகத்தியின் மொட்டைத் தலையில் பூசியிருந்த சந்தனம் மட்டும் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நான் திருத்தணிக்கு மருமகளாக வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். வீட்டில் இரண்டு தறி ஓடிற்று. ஓரகத்தியை அக்கா என்றும், அவர் கணவரைப் பாவா என்றும் கூப்பிடுவேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெண் பூனை வளர்த்தார். அக்காவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும், விளக்கெண்ணெய் மணக்கும். அவர் படுத்தால் பூனை அந்தப் பின்னலை அணைத்துக்கொண்டுதான் தூங்கும். "என் பின்னலைத் திருடப் பாக்குது பாரு" என்று சிரிப்பார்.

பாவாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிழைத்தால் முடி கொடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டார். பாவா எழுந்து நடமாடியதும் அக்கா மலையேறி மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு வீடு வந்தார். பூனை வழக்கம்போல வாசலுக்கு ஓடி வந்தது. பாதியில் நின்றது. வால் பருத்து, முதுகு வளைந்து சீறிற்று. அக்கா கை நீட்டினார். கீறிவிட்டுப் பரணில் ஏறிவிட்டது.

"புருஷன் நானே கண்டுக்கினேன், இதுக்கு அடையாளம் தெரியலியே!" என்று பாவா சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

மூன்று நாள் அது சாப்பிடவில்லை. வயிற்றை நக்கி நக்கியே முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. "அதுவும் மொட்டை வேண்டிக்கிச்சு போல" என்றார் பாவா. நாலாம் நாள் அக்காவின் பாயில் மூத்திரம் பெய்தபோது மாமியாருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "சாமி கிட்ட போய் வந்தவளைப் பாத்து சீறுதுன்னா வேண்டுதலை ஏத்துக்கலன்னு அர்த்தம். அவனுக்கு மறுபடியும் காமாலை வந்தா இன்னா பண்றது? கொண்டு போய் வுட்டுடு."

அன்று மத்தியானம் நான் மட்டும் ஒன்றைப் பார்த்தேன். பூனை மெதுவாக இறங்கி, அழுக்குத் துணி மூட்டையில் மலைக்குப் போகுமுன் அக்கா கட்டியிருந்த புடவையைத் தேடி எடுத்து, அதில் முகம் புதைத்துக் குர்குர் என்றது. சந்தன வாசனையோடு அக்கா உள்ளே வந்ததும் பரணுக்கு ஓடிவிட்டது. அது அக்காவைத்தான் தேடுகிறது, வாசனை மாறியதில் பயந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புது மருமகள், பெரியவர்கள் முன்னால் வாய் வரவில்லை. சாயங்காலம் மூட்டைத் துணியெல்லாம் துவைத்துப் போட்டேன். அந்தப் புடவையையும்.

மறுநாள் என் வீட்டுக்காரர் பூனையைச் சாக்கில் கட்டி, கனகம்மாசத்திரத்தில் சாலையோரக் கடைப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்.

கிணற்றடியில் அக்கா கேட்டார். "ஏம்மா, நான் இன்னா பண்ணேன் அதுக்கு? உனக்கு எதனா தெரியுமா?"

"தெரியாதுங்கக்கா."

முடி வளர்ந்தது. பாவாவும் நன்றாகத்தான் இருந்தார். அக்கா வேறு பூனை வளர்க்கவில்லை. "என்னைக் கண்டாலே அதுக்கு ஆகாமப் போச்சு" என்று எப்போதாவது சொல்வார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அப்படியே நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

வருஷம், நாள் கணக்கெல்லாம் தப்பாக இருக்கலாம்; தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். பூனைகளை அறிந்தவர்கள் ஒன்றை மட்டும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அது அக்காவை வெறுக்கவில்லை என்று நான் நினைத்தது சரிதானா? சரியென்றால், கிணற்றடியில் நான் சொன்னது பொய்.