தையல் எங்கே?

கல்கத்தாவுக்கு வந்த முதல் மார்கழியில் என் கணவருக்குக் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று பின்னினேன். மாடி வீட்டு வங்காளி தீதியிடம் கற்றது: இரண்டு ஷோஜா, இரண்டு உல்டோ, அதாவது இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி புரட்டி. வரிவரியாக எழும்பி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி எப்போதும் மடி, பூஜைக்குச் சுத்தம், தினம் நனைத்து உலர்த்த வேண்டாம் என்று அதைப் போட்டுக்கொண்டே அவர் காலைப் பூஜைக்கு உட்கார்ந்தார்.

கீழ் வீட்டு மாமி பார்த்துவிட்டார். "தைச்சதைப் போட்டுண்டு பூஜை பண்ணலாமோ?"

"தைக்கலை மாமி, பின்னினது."

பூஜை முடிந்து அவர் கழற்றி வைத்ததை மாமி கையில் எடுத்தார். "அப்போ இது என்னடி?" முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நான் ஊசியால் மூட்டியிருந்த விலாவில் விரல் நின்றது.

எனக்கு வந்த கோபத்தில் அன்றே முழுவதையும் பிரித்தேன். மறுபடி, காலுறை பின்னுவதுபோல் நான்கு கம்பிகளில் வட்டமாகவே பின்னினேன். கைக்குழிக்கு மேல் முன்னும் பின்னும் தனித்தனியாகப் போய், தோளில் இரண்டு பக்கக் கண்ணிகளையும் சேர்த்துப் பின்னியே முடித்தேன். தையல் ஊசியைத் தொடவே இல்லை.

தை பிறப்பதற்குள் அதை மாமியின் மடியில் போட்டேன். "தையல் எங்கே இருக்கு, காட்டுங்கோ."

உள்ளும் புறமும் திருப்பினார். தோளை இழுத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

நானும் எதிரே உட்கார்ந்தேன். அன்று எனக்கு வேறு வேலையே இல்லை.