செனாய் வரை நானே ஓட்டினேன்

மலேசியாவில் நான் இருக்கும் உலு திராமில் சாப்பாட்டுக் கடை வாசலில் சக்கர நாற்காலியோடு நின்றால், யாராவது வந்து டிஷ்யூ விலை கேட்பார்கள். உடல் முடியாதவர்கள் பலர் இங்கே மேசை மேசையாகப் போய் அதை விற்பதுண்டு. போன மாதம் ஒரு சீன அம்மா என் மடியிலிருந்த பாக்கெட்டைக் காட்டி, "சத்து பெராப்பா?" என்றார். ஒன்று என்ன விலை என்று மலாயில் கேட்கிறார். விற்பதற்கில்லை, எனக்குச் சளி என்றேன். அவர் வெட்கத்தோடு சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்திலிருந்த அண்ணன் சிரிக்கவில்லை. தேவகோட்டையிலிருந்து என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் அவர்.

கல்யாணமாகி ஜொகூருக்கு வந்த மூன்றாம் ஆண்டு, பாலோ சாலையில் எங்கள் கார் கவிழ்ந்தது. கணவர் அந்தோணி தப்பினார். எனக்கு முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. செத்திருக்கலாம் என்று பல மாதம் நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்: பலகை வைத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்வது, நேரம் தவறாமல் குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பது, புண் வந்திருக்கிறதா என்று கண்ணாடியில் முதுகைப் பார்ப்பது. இப்போது ஒரு மரச்சாமான் ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

இடையில் ஒருமுறை ஊருக்குப் போனேன். அன்புக்குக் குறைவில்லை. கேட்காமலே நான்கு பேர் தூக்கிப் படியேற்றினார்கள். ஒரு மாதம், ஒரு டம்ளர் தண்ணீர்கூட நானாக எடுத்துக் குடிக்கவில்லை.

"மாப்பிள்ளை விடியுமுன்ன சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிடுறாரு. பகல்ல உன்னை யாரு பாத்துக்குறது?" என்றார், போன மாதம் அழைத்துப்போக வந்த அண்ணன்.

"நான்தாண்ணே."

இரண்டு வாரம் கூடவே இருந்து பார்த்தார். அவர் கிளம்பும் நாளில் டாக்சி வேண்டாம் என்றேன். என் கார் முழுக்கக் கையாலேயே ஓட்டுவது. கம்பியைத் தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். காருக்குள் வைப்பதற்காக நாற்காலியின் சக்கரங்களை நான் கழற்றும்போது உதவ எழுந்தவர், என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். நெடுஞ்சாலை ஏறும்வரை கதவை இறுக்கிப் பிடித்திருந்தார். செனாய் விமான நிலையம் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு பெரிய பாராட்டுத் தந்ததில்லை.

இறங்கும்முன் அம்மாவுக்குப் போன் போட்டார். "இவ வரமாட்டாம்மா. நல்லா இருக்கா," என்றார். போனை என்னிடம் கொடுத்தார். அம்மா அழாமல், எப்போது வீட்டுக்கு வருவாய் என்று மட்டும் கேட்டார். கிறிஸ்துமஸுக்கு என்றேன்.

அண்ணனை அனுப்பிவிட்டுத் திரும்புகையில் கணவர் அழைத்தார். "வீட்டுக்கு வந்தாச்சா? ரோடு ஜேமா, வண்டி நகருதா?"

வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். அம்மா சொன்ன வீடு வேறு, அவர் சொன்ன வீடு வேறு. எனக்கு இரண்டுக்கும் போகவேண்டும்போல் இருந்தது. உலு திராம் பக்கம் திரும்பினேன்.